பெரியப்பத்தாவின் இடது கட்டை விரல்

போன மாதம் ரேஷன் கடையில் கார்டைக் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன மெஷினில் கட்டை விரலை வைத்தேன். ரேகை விழவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தேன். அப்போதும் விழவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்தக் கை, அந்தக் கை என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. கடைக்காரத் தம்பி, "பாத்திரம் தேச்சுத் தேச்சே உங்க ரேகையெல்லாம் அழிஞ்சு போச்சுக்கா" என்று சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும்தான். பின்னால் நின்ற ஒரு அம்மா தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு தடவிவிட்டார். எப்படியோ விழுந்தது.

சர்க்கரையும் துவரம்பருப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு போய்விட்டது. என் கொள்ளுப்பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்குப் படித்தவர், படிக்காதவர், கலெக்டர், கூலிக்காரி என்று பார்க்காமல் எல்லோரும் விரலை வைக்கிறோம். அவள் இருந்திருந்தால் அந்தத் தம்பியிடம் நிச்சயம் சண்டை போட்டிருப்பாள். "விரலை எடுத்துக்கிட்டுப் பேனாவைக் குடு" என்று கேட்டிருப்பாள்.

இந்தப் பகுதியில் தோழிகள் பலர் பாட்டி சொன்ன கை வைத்தியம், பாட்டி வைத்த வற்றல் குழம்பு என்று எழுதுகிறார்கள். ஆசையாகப் படிக்கிறேன். எங்கள் பாட்டியும் சமையலில் சளைத்தவள் இல்லை. பலாக்கொட்டையும் மாங்காயும் போட்டு அவள் வைக்கிற குழம்புக்குத் தெருவே மணக்கும். ஆனால் நான் எழுத நினைப்பது அவளுடைய இடது கட்டை விரலைப் பற்றி.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். அப்பாவைப் பெற்றவளை அப்பத்தா என்போம், தாத்தாவை அய்யா என்போம். அய்யாவைப் பெற்றவள்தான் பெரியப்பத்தா. எந்த வருடம் பிறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. "ராசா வெள்ளைக்காரச்சியைக் கட்டிக் கூட்டியாந்தப்ப எனக்குப் பல்லு விழுந்து மொளைக்கிற வயசு" என்பாள். புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாக்காரப் பெண்ணை மணந்தது 1915-ல். அதை வைத்துப் பார்த்தால் 1909 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு 'அம்மன் காசு' என்று ஒரு சின்னச் செம்புக் காசு கொடுப்பார்களாம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். அப்படி ஒரு காசு அவள் சுருக்குப் பையில் வெற்றிலையோடும் புகையிலையோடும் கடைசிவரை கிடந்தது. இப்போது என் பீரோவில் இருக்கிறது.

பெரியப்பத்தா எதைச் செய்தாலும் இடது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்வாள். முறத்தில் புடைக்கும்போதுதான் விரல் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் நான்கு விரல்தான் தெரியும். சின்ன வயதில் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஊரில் வாந்திபேதி வந்த சமயம் அவள் கணவர் இரண்டே நாளில் போய்விட்டார். அய்யாவுக்கு எட்டு வயது. அவர் தங்கை, அதாவது எங்கள் அத்தைப்பாட்டிக்கு நான்கு வயது. கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வயல் பங்காக வர வேண்டியது இருந்தது. மறு வருடம், 1937-ல், கணவரின் அண்ணன் நான்கைந்து பேரோடு வந்திருக்கிறார். "தீர்வை கட்டணும், உன் புருசன் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடணும், ஒரு கைநாட்டு வை" என்றிருக்கிறார். மூத்தார் முன்னால் நின்று பேசும் வழக்கம் அன்றைக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி கையை மட்டும் நீட்டியிருக்கிறாள். யாரோ விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தியிருக்கிறார்கள். காகிதத்தின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஆடியில் உழவுக்கு ஆள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அது தீர்வைக் காகிதம் இல்லை, விடுதலைப் பத்திரம். மைனர் பிள்ளைக்குக் கார்டியன் என்று அவளையே போட்டு, பிள்ளையின் பங்கை அவள் கையாலேயே எழுதிக் கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

அழுதிருப்பாள். அதைப் பற்றி அவள் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் செய்த வேலையைப் பற்றித்தான் மணிக்கணக்காகச் சொல்வாள். நெல்லைக் கடனுக்கு வாங்கி, ஊற வைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் காயப் போட்டு, உரலில் குத்தி, புடைத்து, அரிசியாக வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பது. தவிடு மாட்டுக்காரர்களுக்குப் போகும். உமி பல் துலக்கவும் அடுப்புக்கும் ஆகும். குருணை தன் வீட்டுக் கஞ்சிக்கு. "நல்ல அரிசியை என் புள்ளைக கண்ணால பாத்துருக்கு, வாயால பாத்ததில்ல" என்பாள். அய்யா வாழ்நாள் முழுவதும் குருணைக் கஞ்சியைத் தொடாததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. பக்கத்தில் ரைஸ் மில் வந்தபிறகு அந்தப் பிழைப்பும் போய்விட்டது. அதற்குள் அய்யா வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டார்.

எழுத்து தெரியாதே தவிர கணக்கில் பெரியப்பத்தாவை யாரும் ஏமாற்ற முடியாது. எட்டு ஆழாக்கு ஒரு படி, நான்கு உழக்கு ஒரு படி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். லிட்டர் வந்ததில் அவளுக்குக் கடைசிவரை கோபம். கடன் வாங்கியவர்கள் கணக்கை அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பாள். நீளக் கோடு என்றால் படி, பாதிக் கோடு என்றால் உரி, புள்ளி என்றால் ஆழாக்கு. எந்த வீட்டுக் கணக்கு எந்த மூலையில் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் எல்லாம் போய்விடும். ஆனால் மறுநாளே மனப்பாடமாக எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிடுவாள். இதை நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லக் கேட்டது.

1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அந்த வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் கலெக்டர் அப்போது இருந்தார். ராஜா இருந்த அரண்மனையில்தான் கலெக்டர் ஆபீஸ். ஊர் ஊராக நாடகம், பாட்டு. கல் உடைக்கிற பெண்கள், களை எடுக்கிற பெண்கள் எல்லாம் சாயங்காலமானால் சிலேட்டோடு கிளம்புவார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நாற்பது வயதுப் பெண்கள் ஆண்கள் சைக்கிளில், நடுக்கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஓட்டப் பழகியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விழுந்து எழுந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து கேலி செய்தவர்களின் மனைவிமார்களும் ஓட்டினார்கள். நானும் அப்போதுதான் பழகினேன். எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு.

எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு நடந்தது. பிளஸ் டூ முடித்த ஒரு அக்காதான் தொண்டராக வந்து சொல்லிக் கொடுத்தார். அப்பத்தா போனாள், அம்மா எட்டாவது வரை படித்தவள் என்பதால் துணைக்குப் போனாள். பெரியப்பத்தா மட்டும் அசையவில்லை. "கெழவிக்கு எதுக்குடி எழுத்து? எமன்கிட்டக் கையெழுத்துப் போட்டுட்டா போகப் போறேன்?" என்றாள்.

முதல் நாள் அக்கா போர்டில் எழுதிய சொற்கள் 'பட்டா', 'படி'. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அம்மா, ஆடு, இலை என்று படித்தவர்கள். இது என்ன புதுசாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியப்பத்தா நிறுத்திவிட்டாள். "என்னான்னு எழுதுனாக?" என்று கேட்டாள். "பட்டா. படி." மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு என் காலைச் சுரண்டினாள். "ஆத்தா, அந்தப் பட்டாங்குறதை எப்புடி எழுதுறது?"

முறத்தைக் கவிழ்த்து, அடுப்புச் சாம்பலைப் பரப்பி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் 'ப' எழுதிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "அட, இது படி மாதிரியில்ல இருக்கு! மேல தெறந்து, ரெண்டு பக்கம் சுவரு, கீழ அடி." அடுத்து 'ட' எழுதினேன். "இது ஒரு பக்கம் ஒடஞ்ச படி" என்றாள். இந்த இரண்டு எழுத்துகளையும் அவள் ஒரே ராத்திரியில் பிடித்துக்கொண்டாள். என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஆனால் மற்ற எழுத்துகள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுத்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. எனக்கோ பரீட்சை, தூக்கம். ஒரு நாள் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் பத்தாவது தடவையாகக் குழம்பியபோது, "உனக்கெல்லாம் மண்டையில ஏறாது, விடு அப்பத்தா" என்று கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முறத்திலிருந்த சாம்பலைச் சத்தமில்லாமல் திரும்ப அடுப்பில் கொட்டிவிட்டு வந்து படுத்தாள். ஒரு வாரம் என் காலைச் சுரண்டவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எட்டாம் நாள் நானே எழுப்பினேன். "வேணாந்தாயி, உனக்குப் படிப்புக் கெட்ரும்" என்றாள். கெஞ்சிய பிறகுதான் உட்கார்ந்தாள். அப்போதுதான் மடக்கிய விரலை விரித்துக் காட்டி, அந்த 1937 கதையை எனக்குச் சொன்னாள். "இந்த விரலு என் புள்ளை சோத்துல மண்ணை அள்ளிப் போட்ட விரலு" என்றாள்.

அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டி வந்தபோது இன்னொரு வேடிக்கை. அவள் பெயர் எனக்குத் தெரியாது! வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அய்யாவிடம் கேட்டேன், ஆத்தா பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சம். கடைசியில் அவளே சொன்னாள், யாரோ மூன்றாம் மனுஷி பெயரைச் சொல்வது போல. (1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தலின்போது வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றே பதிந்திருந்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்லாததால் ஏறக்குறைய 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.) நானும் இங்கே அவள் பெயரை எழுதவில்லை. அவ்வளவு பாடுபட்டு அவளே எழுதக் கற்ற பெயர், அவள் கையெழுத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விரலை நீட்டச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வயலுக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் தபால்காரர் பெட்டியைத் திறந்தவுடன், பெரியப்பத்தா, "மையை மூடுங்க தம்பி, பேனாவைக் குடுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். பெரியப்பத்தா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஃபாரத்தை முறத்தின் மேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். சாம்பலில் எழுதிப் பழகியவள் என்பதால் பேனாவையும் விரல் மாதிரி அழுத்தினாள். கட்டத்துக்குள் அடங்காமல் எழுத்து அடுத்த வரிக்குப் போயிற்று. முழுதாகப் பத்து நிமிஷம். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பொறுமையாக நின்றார். நல்ல மனிதர். முடித்துவிட்டு நிமிர்ந்தவள், "சாட்சிக்கு யாரைக் கூப்புடுறது?" என்றாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல ஆயா, சாட்சி வேணாம்."

அன்று முழுவதும் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டதைக்கூடச் சொல்லவில்லை. "சாட்சி வேணாமாம்த்தா. நான் சொன்னா போதுமாம்."

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1993-ல் பங்காளி வீட்டில் அந்தக் கண்மாய்க்குக் கீழ் வயலை விற்க ஏற்பாடு செய்தார்கள். வாங்க வந்தவர்களின் வக்கீல் பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டு, மைனர் பங்கைத் தாயார் எழுதிக் கொடுத்ததாக இருக்கிறதே, அந்த அம்மாளும் பிள்ளையும் உயிரோடு இருந்தால் இன்னொரு முறை கையெழுத்து வாங்கிவிடுங்கள், பின்னால் வில்லங்கம் வரக் கூடாது என்றாராம். பங்காளிச் சித்தப்பா பழைய பத்திரம், புதுப் பத்திரம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாவற்றோடும் வந்தார். மரியாதைக்கு இரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அய்யா சம்மதித்துவிட்டார். அறுபத்தைந்து வயது அவருக்கு, சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது என்ற மனநிலை. மைனர் சொத்தைக் கார்டியன் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை மேஜராகி மூன்று வருடத்துக்குள் கேஸ் போட்டிருக்கலாம் என்று அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் அப்போது சொன்னார். அதாவது அய்யாவுக்கு 21 வயது முடிவதற்குள். அது 1949-லேயே போய்விட்டது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து வருடம் ஒன்றான சமயம். அன்றைக்கு இதைச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

பெரியப்பத்தா, "ரெண்டு பத்திரத்தையும் படிக்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குத் தன் பெயரும் சில சொற்களும்தான் வரும். பத்திரம் படிக்கிற அளவுக்கு வராது. என்னைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்தாள். முதலில் பழையதைப் படித்தேன். பழைய கால எழுத்து, நிறுத்தமே இல்லாத வாக்கியங்கள், தடுமாறித் தடுமாறித்தான் படித்தேன். நடுவில், ரொக்கம் ரூபாய் எழுபத்தைந்து பெற்றுக்கொண்டு முழுமனதுடன் விடுதலை செய்து கொடுத்ததாக ஒரு வரி வந்தது.

"நில்லு" என்றாள். "மறுபடி படி."

படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். அவள் முகம் மாறிவிட்டது. வயலை ஏமாந்தது அவளுக்கு ஐம்பத்தாறு வருடமாகத் தெரியும். பணம் வாங்கியதாக எழுதியிருப்பது அன்றைக்குத்தான் தெரியும். "நான் எழுவத்தஞ்சு ரூவா வாங்குனேனா? புள்ளைக பட்டினியாக் கெடந்தப்ப நான் முடிஞ்சு வச்சிருந்தேனா?" என்று சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டாள். பங்காளிச் சித்தப்பா, "அது ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதுறது அப்பத்தா" என்றார்.

பெரியப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தாள். "அன்னைக்குக் கலம் ஒன்றரை ரூவாய்க்கு நான் நெல்லு வாங்குனேன். எழுவத்தஞ்சு ரூவாய்க்கு அம்பது கலம். அம்பது கலம்னா இருவத்தஞ்சு மூட்டை. இன்னைக்கு மூட்டை என்னடா வெலை?" யாரோ, "இருநூறு" என்றார்கள். "அப்ப ஐயாயிரம். வட்டி வேணாம். நான் வாங்குனதா எழுதியிருக்குற பணத்தை எங்கையில குடு. கையெழுத்துப் போடுறேன்." பெரிய பெரிய பொருளாதாரப் படிப்புப் படித்தவர்கள் இதைத்தான் வேறு மாதிரி செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பணம் வந்தது. கையெழுத்துப் போட்டாள், இந்த முறை ஏழெட்டு நிமிஷம். அய்யாவும் போட்டார். எழுந்தவள் அந்த ஐயாயிரத்தை எண்ணக்கூட இல்லை. அப்படியே அத்தைப்பாட்டி மடியில் போட்டாள்.

அத்தைப்பாட்டியைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வயல் போனதால் சீர் செய்ய வழியில்லாமல் இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டவள். நாற்பது வயதுக்குள் அவளும் வெள்ளைச் சேலை. பிறந்த வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு போய்விடுவாள்.

அய்யாவுக்கு வந்ததே கோபம்! பணம் பெரிதல்ல, நான்கு பேர் முன்னால் பிள்ளையை விட்டுவிட்டு மகளுக்குக் கொடுத்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. "எம் பங்குக்கு வந்த காசு அது. மைனர் நான்தானே?" என்றார். நியாயமான பேச்சுதான். பத்திரமும் அப்படித்தான் சொல்லிற்று. பெரியப்பத்தா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பத்திரத்துல நீ மட்டுந்தாண்டா இருக்கே. பட்டினியில அவளும் இருந்தாளே."

அதற்குப் பிறகு அய்யா அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே கூடம். ஒன்றே கால் வருடம். சாப்பாட்டுத் தட்டை என் கையில் கொடுத்து, "உங்க அய்யாகிட்டக் குடு" என்பாள் அவள். "போதும்னு சொல்லு" என்பார் அவர். எனக்கு அப்போது அய்யா பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. கிழவி தேவையில்லாமல் குடும்பத்தில் குழப்பம் பண்ணிவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.

பேச்சு எப்படித் திரும்பியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் அய்யாவுக்கு நான்கைந்து நாள் காய்ச்சல். எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெரியப்பத்தா அடுப்படியில் இருந்தாள், அய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார். குருணைக் கஞ்சி. அவ்வளவுதான்.

1996 தை மாதத்தில் பெரியப்பத்தா போனாள். குளிப்பாட்டும்போது இடது கை விரல்களை விரித்து வைத்தேன். அந்தக் கட்டை விரல் மற்ற விரல்களைவிட வெளுப்பாக, சின்னப் பிள்ளை விரல் மாதிரி இருந்தது.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

எனக்கு 2001-ல் திருமணமாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். பி.காம். படித்தவள். 2006-ல் அப்பா போன் செய்து, தம்பி வீடு கட்ட லோன் போடுகிறான், பூர்வீக இடத்தில் உனக்கும் பங்கு இருப்பதால் பேங்கில் உன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள், ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்றார். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அந்தச் சட்டத்தில் அது கிடைக்கவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது, ஆகவே எனக்கு உண்டு. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், பேப்பரில் படித்திருக்கிறேன். தம்பிதானே, பிறந்த வீடு நமக்கு வேண்டுமே என்று நினைத்துத்தான் போனேன். அந்த முடிவுக்காக இன்றும் வருத்தமில்லை.

பத்திர ஆபீசில் கூட்டம். வெளியே ஆட்டோ நின்றுகொண்டிருக்கிறது. இடுப்பில் பிள்ளை அழுகிறது. எழுத்தர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, "இங்க போடுங்கம்மா, இங்க, இங்க" என்று விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். அழகான கையெழுத்து என்றுகூட அவர் சொன்னார். ஒரு வரி படிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, அப்பாவின் பெட்டியில் வேறு எதையோ தேடப்போய் அந்தப் பத்திரம் கையில் கிடைத்தது. சும்மா புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில், 'ரூபாய் ஐம்பதாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு என் முழுமனதுடன்' என்று இருந்தது. கீழே என் அழகான கையெழுத்து.

எனக்கு யாரும் ஐந்து பைசா தரவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள், தம்பி அதைச் சொல்லி எழுத வைத்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெரியப்பத்தாவுக்குக் கதவு மறைத்தது. எனக்கு மறைக்க என்ன இருந்தது?

அப்பா இப்போது இல்லை. போன மாதம், அந்த ரேஷன் கடை சம்பவத்துக்கு நான்கு நாள் கழித்து, தம்பி போன் பண்ணினான். பழைய பத்திரத்தில் அளவு ஏதோ தப்பாக இருக்கிறதாம், பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டுமாம். "ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போக்கா, அரை மணி நேர வேலைதான்" என்றான்.

"வர்றேண்டா. முதல்ல நகலை வாட்ஸ்அப்புல அனுப்பு. படிச்சுப் பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னக்கா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான். "நம்பிக்கை இருக்குடா. அனுப்பு" என்றேன்.

இன்னும் அனுப்பவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி